கற்பித்த கையே கஞ்சி வார்த்தது
(யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் வரலாறு)

காரைக்கால் என்னும் பெயரைக் கேட்டவுடன் சைவ நன்மக்களின் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது ஒரு மாங்கனியே. பசித்து வந்த சிவனடியார்க்குக் கறியமுது ஆகாத வேளையில், கணவன் அனுப்பிய கனிகள் இரண்டனுள் ஒன்றை இலையில் இட்டு அமுது செய்வித்த புனிதவதியாரின் செயல், இன்றும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழாவாக இவ்வூரில் கொண்டாடப்பெறுகின்றது. இறைவன்பால் வைத்த அன்பும், பசித்தவர்பால் வைத்த இரக்கமும் இரண்டல்ல என்பதே அவ்வரலாறு நமக்குக் காட்டும் நெறியாகும்.

சேக்கிழார் பெருமான் செய்யுளிற் பாடிய அவ்வரலாற்றைப் பெரிய புராணம் முழுவதுடனும் எளிய உரைநடையாக்கி, 1852-ஆம் ஆண்டில் அச்சிட்டு வழங்கியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் ஆவர். பாட்டறியாத எளியோரும் அம்மையாரை அறிந்து வழிபட அந்நூல் பெருந்துணையாயிற்று. அம்மையாரின் நெறியை நூலில் எழுதியதோடு அமையாது, பாடசாலையிலும் ஊரிலும் நடத்திக் காட்டியவர் அவர். ஆதலின், கடலுக்கு அப்பால் வாழ்ந்த அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சிந்தித்தல் நமக்குப் பொருத்தமே.

நாவலர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையார்க்கும் புதல்வராய்த் தோன்றினார். இருபாலைச் சேனாதிராய முதலியாரிடமும், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். யாழ்ப்பாணத்து உவெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அதன் தலைவரான பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது அவர்க்குத் துணையும் நின்றார்.

அப்பாடசாலையில் இருந்த காலத்து நாவலர் இரண்டு உண்மைகளைக் கண்டுணர்ந்தார். வகுப்பு முறையும் அச்சுநூலும் கல்விக்கு எத்துணைப் பயன் தருவன என்பது ஒன்று. தம் சமயத்துச் சிறுவர்களுக்கு அத்தகைய பாடசாலை ஒன்றும் இல்லை என்பது மற்றொன்று. மிஷன் கல்வியைக் குறை கூறுவதோடு நில்லாமல், தாமே ஒரு பாடசாலை காணத் துணிந்தார். முதலில் மாணாக்கர் சிலர்க்குத் தம் இல்லத்தில் காலையிலும் இரவிலும் ஊதியம் பெறாது கற்பித்தார். 1847-ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சமயச் சொற்பொழிவைத் தொடங்கி, வெள்ளிக்கிழமைதோறும் நடத்தி வந்தார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அவ்வாண்டிலேயே தம் சம்பள உத்தியோகத்தையும் துறந்தார். இல்லறத்தையும் வேண்டாது, வாழ்நாள் முழுவதையும் அப்பணிக்கே உரிமையாக்கினார்.

பாடசாலைக்கு நூல்கள் வேண்டியிருந்தன. அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு 1849-இல் கடல் கடந்து தமிழகம் வந்தார். அப்பொழுது நமது காவிரி நாட்டுத் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்டு மகிழ்ந்தே சந்நிதானம் நாவலர் என்னும் பட்டத்தை அவர்க்கு வழங்கியது. ஊர் மீண்டு தம் அச்சகத்தில் பாலபாடங்களைப் பதிப்பித்தார். எழுத்தும் சொல்லும் பயிற்றுவதோடு அவை நின்றுவிடவில்லை. பொய், களவு, கோபம், பொறாமை ஆகியவற்றின் தீமையும், நன்றியறிதல், பெரியோரைப் பேணுதல் ஆகியவற்றின் சிறப்பும் சிறுவர் உள்ளத்திற் பதியும் வண்ணம் தெளிந்த நடையில் அவற்றில் எழுதப்பெற்றன. ஒழுக்கம் தனியே ஒரு பாடமன்று, எல்லாப் பாடங்களுக்கும் அடிநிலை என்பது அவர் கொள்கை. 1864-இல் சிதம்பரத்திலும் அத்தகைய வித்தியாசாலை ஒன்றை நிறுவினார். அஃது இன்றும் அவர் பெயர் தாங்கிய பள்ளியாய் விளங்குகின்றது.

பாடசாலையை நடத்தும் பொருள் அரண்மனையிலிருந்து வந்ததன்று. இல்லத்துப் பெண்மணிகள் நாள்தோறும் உலையிடும்போது எடுத்து வைத்த பிடியரிசியும் அதற்கு உதவியது. ஆயினும் 1872-இல் அவர் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை பொருட்குறைவால் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அறச்செல்வர்கள் மனங்கொள்ளத்தக்க செய்தி இது. ஒரு தருமத்தைத் தொடங்குதல் எளிது. நாள்தோறும் பேணுதலே அரிது.

அவர் கொள்கைக்குப் பெருஞ்சோதனை 1877-ஆம் ஆண்டளவில் வந்தது. தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம் யாழ்ப்பாணத்தையும் பற்றியது, வாந்திபேதியும் பரவியது. அப்பொழுது நாவலர் ஏட்டைப் படித்துக்கொண்டு உள்ளே இருந்தாரல்லர். செல்வர்களிடம் பொருள் திரட்டிக் கஞ்சித் தொட்டித் தருமத்தை நடத்தி, பசித்தோர்க்கு உணவளித்தார். மக்கள் துயரைப் பொருட்படுத்தாத அரசாங்க அதிகாரியை அஞ்சாது கண்டித்தும் எழுதினார். புனிதவதியார் ஓர் அடியார்க்கு இட்ட அமுதின் பொருளை, அவ்வரலாற்றை எழுதிய கையே ஊரறியச் செய்து காட்டிற்று.

அவர் காலத்துச் சாதி வரம்புகளை நாவலர் கடந்தாரில்லை என்பதையும் மறைத்தல் தகாது. அவர் ஏற்றிய விளக்கின் ஒளி எல்லாச் சிறார்க்கும் சேரச் செய்வது பின்வந்த நம் கடமையாகும்.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் நாவலர் சிவபதம் எய்தினார். அவர் இட்ட வித்து அவரோடு அழிந்ததன்று. யாழ்ப்பாணத்தில் 1890-இல் இந்துக் கல்லூரி எழுந்தது. நாவலரால் சட்டநிரூபண சபைக்கு ஆதரிக்கப்பெற்ற சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் பெண்களுக்கெனக் கல்லூரி கண்டார். பொருளின்றி மூடிய கதவு, பிறர் கையால் அகலத் திறந்தது.

குடமுழுக்குக் காணும் திருக்கோயிலின் விமானம் நெடுந்தொலைவிலிருந்து தெரியும். அதன் நிழலிற் பயிலும் சிறுவன் முதியவர்க்கு வழிவிடுவதும், பசித்தவனோடு உணவைப் பகிர்வதும், திருவிழாக் கூட்டத்திற்குத் தண்ணீர் வார்ப்பதும், திருக்குளக் கரையைத் துப்புரவு செய்வதும் தொலைவிலிருந்து தெரியா. ஆயினும் கோயில் உயிரோடிருப்பதற்கு அவையே சான்று. தேர்வில் பெறும் எண்கள் சிறுவனுக்கு உத்தியோகம் தரும். தொண்டு அவனை ஊருக்கு உரியவனாக்கும். திருப்பணிக்கு வாரி வழங்கிய அன்பர்கள், அருகிலுள்ள பாடசாலைக்கும் நாள்தோறும் ஒரு பிடியரிசி எடுத்து வைப்பார்களாக! காரைக்கால் அம்மையார் திருவடிகளும், அவர்க்கு அருளிய பெருமான் கருணையும் அதற்குத் துணை நிற்பனவாக!