திண்ணையில் ஒலித்த பாட்டு: கோபாலகிருஷ்ண பாரதியார்

படைத்ததை முதலில் யாரிடம் கொண்டு செல்வது? கற்றோர் அவைக்கா, கேட்க வரும் மக்களிடமா? பத்தாண்டுகளாகக் கூடிப் படித்தும் வாதிட்டும் வரும் நம் வட்டத்தார்க்கு இக்கேள்வி புதிதன்று. இவ்விரு வாயில்களிலும் நின்று பார்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், இசைவாணர் மரபில் தோன்றியவர் அவர். மாயூரத்தில் வேதாந்தம் பயின்றார். திருவிடைமருதூரில் ராமதாஸ் என்பாரிடம் இந்துஸ்தானி இசை கற்றார். மணம் செய்துகொள்ளவில்லை. திருவையாற்றில் தியாகராஜரைக் கண்டபோது, ஆபோகியில் ஏதேனும் இயற்றியதுண்டோ என்று அவர் வினவ, மறுநாளே ஒரு கீர்த்தனையோடு வந்து பாடிக் காட்டினார் என்பர்.

அவர் பெயரை நிலைநாட்டியது 'நந்தனார் சரித்திரம்'. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு முப்பத்தேழு பாடல்களில் அமைந்தது. அங்கே நந்தனாரைத் தடுத்து நிறுத்தும் பண்ணையார் இல்லை. வேதியர் என்னும் நில உடைமையாளரையும், நாற்பது வேலி நிலத்தை விளைவித்துவிட்டுப் போ என்னும் கட்டளையையும் படைத்துச் சேர்த்தவர் பாரதியாரே. பண்ணையடிமை முறை வேரூன்றியிருந்த தஞ்சைத் தரணியில், அந்தணராகிய ஒருவர் அந்தண மிராசுதாரின் கொடுமையை அவை நடுவே பாடினார். கீர்த்தனை, நொண்டிச்சிந்து, இருசொல் அலங்காரம் எனச் செவிக்கு எளிய வடிவங்களில் கதை பரவியது. ஏடு கண்டறியாதவர்களும் பாட்டைக் கொண்டுசென்றனர்.

எனினும், நூலாக வெளியிடுமுன் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சிறப்புப் பாயிரம் வேண்டுமென்று பாரதியார் விரும்பினார். பிள்ளையவர்களோ இசைந்தாரில்லை. பாடல்களில் இலக்கண வழுக்கள் இருந்தன; கதை சேக்கிழாரின் வழியிலிருந்து விலகியிருந்தது. புலமை நோக்கில் இவை பொய்யான குறைகள் அல்ல. பாரதியார் பலமுறை வந்து திரும்பினார். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வு கொண்டிருக்க, வெளியே திண்ணையில் அமர்ந்து, தம் நந்தனின் ஏக்கத்தைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். அப்பாட்டு உள்ளே சென்றது. புலவர் பெருமான் மனமுருகி எழுந்து வந்து பாயிரம் தந்தருளினார். காரைக்காலில் பிரெஞ்சு அரசின் அதிகாரியாயிருந்த சீசே என்பவரின் ஆதரவால், 1861ஆம் ஆண்டையொட்டி நூல் அச்சேறியது.

பாயிரம் தந்ததனால் பிள்ளையவர்களின் கொள்கை மாறிவிடவில்லை. 1871இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், தந்தையார் விருப்பப்படி பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கினார். இசைப்பழக்கம் இலக்கியப் பயிற்சிக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதியதால் அதனை நிறுத்த நேர்ந்தது. பின்னாளில் அச்சாமிநாதையரே பாரதியாரின் வரலாற்றை எழுதி வைத்தார். திண்ணை நிகழ்ச்சி நமக்குக் கிடைத்ததும் அவர் வாயிலாகவே.

நூல் தன் வழியே நடந்தது. சுப்பிரமணிய பாரதியார் தம் தேசியப் பாடல்கள் சிலவற்றுக்கு நந்தனார் கீர்த்தனை மெட்டுகளை மேற்கொண்டார். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரைப்படங்களில் நந்தனாராகத் தோன்றிப் பாடினர். தீயில் மூழ்கித்தான் நந்தன் தில்லைக்குள் புக வேண்டுமா என்ற வினாவும் கூடவே வளர்ந்தது. அவ்வினா நியாயமானது. ஆயினும், அதனை எழுப்பும் அளவுக்கு நந்தனின் துயரை ஊரறியச் செய்ததில் பாரதியாருக்குப் பெரும் பங்குண்டு.

புலவரின் மதிப்பீட்டை அவர் இகழவில்லை; பலமுறை தேடிச் சென்றார். அதற்காகத் தம் பாட்டை நிறுத்தி வைக்கவுமில்லை. பாயிரம் கிடைப்பதற்கு முன்பே அது மக்கள் நாவில் இருந்தது. குறை கூறும் நண்பரும், குறையறியாது உருகும் கேட்போரும் ஒருங்கே அமரும் இடமாக நம் வட்டம் இருக்குமாயின், கவிஞன் திண்ணையிலேயே காத்திருக்க நேராது.