ஓட்டு இல்லாத இளவரசர்

அவர் அரச குடும்பத்துப் பிள்ளை. அரியணைக்கு உரியவர்கள் வரிசையில் நின்றவர். ஆனால் அவருடைய 24-வது பிறந்த நாள் வந்தபோது, சிறைக் கொட்டடியில் கைதியாக இருந்தார்.

பிறகு, தம் நாட்டை எடுத்துக்கொண்ட அமெரிக்காவின் பாராளுமன்றத்துக்கே போய் அமர்ந்தார். ஏறக்குறைய 19 ஆண்டுகள் அங்கே இருந்தார். ஆனால் அந்தச் சபையில் எந்த மசோதாவுக்கும் அவர் ஓட்டுப் போட்டதில்லை. போட அவருக்கு உரிமை இல்லை!

அவர்தான் ஹவாய் தீவுகளின் இளவரசர் குஹியோ.

பெரியம்மா வளர்த்த பிள்ளை

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே இருக்கிறது, ஹவாய். எரிமலைகள் நிறைந்த தீவுக் கூட்டம் அது. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களும் அங்கே நிறைந்திருந்தன. அங்கே காவாய் என்ற தீவில், 1871-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி குஹியோ பிறந்தார்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 12 வயதில் தாயும் போய்விட்டார். அவரையும் அண்ணன்மாரையும் பெரியம்மா கபியோலானி எடுத்து வளர்த்தார். அந்தப் பெரியம்மா யார் தெரியுமா? அப்போது ஹவாயை ஆண்ட மன்னர் கலாகவாவின் ராணி!

குஹியோ அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்தார். 1885-ல் அவரும் அண்ணன்மார் இருவரும் அமெரிக்காவில் சாந்தாகுரூஸ் கடலில் பலகை மீது நின்று அலைச் சவாரி செய்தார்கள். அமெரிக்கக் கரையில் அந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர்கள் இவர்களே.

பறிபோன அரியணை

கலாகவா 1891-ல் இறந்தார். அவர் தங்கை லிலியோகலானி ராணியானார். ஹவாயின் கடைசி ராணி அவர்தான்.

கரும்புத் தோட்டத்திலும் வியாபாரத்திலும் பணம் சேர்த்த வெள்ளையர்கள் 1893 ஜனவரியில் ராணியைக் கவிழ்த்தார்கள். அமெரிக்கக் கப்பல் படை வீரர்கள் கரையில் இறங்கி நின்றார்கள். ரத்தக் களறி வேண்டாம் என்று ராணி பதவியை விட்டு விலகினார்.

1895-ல் ராணியின் ஆதரவாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். குஹியோவும் அதில் சேர்ந்தார். கிளர்ச்சி தோற்றது. குஹியோவுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

விடுதலையான பின், 1896-ல் எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். மனம் வெறுத்து ஊரை விட்டே கிளம்பினார். தென் ஆப்பிரிக்காவுக்குப் போய், போயர் யுத்தத்தில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார்.

அதற்குள் 1898-ல் ஹவாயை அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1901-ல் குஹியோ திரும்பி வந்தபோது, நாடு இல்லை. நாட்டின் கொடியும் இல்லை.

பேசலாம், ஓட்டு கிடையாது!

ஹவாய் அப்போது அமெரிக்காவின் ஒரு மாநிலம் அல்ல; வெறும் 'பிரதேசம்'தான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மாநிலத்து மக்கள் தங்கள் கவர்னரைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போடுவார்கள். செனட் என்னும் மேல்சபைக்கு இரண்டு பேரை அனுப்புவார்கள்.

அந்நாளில் ஹவாய்ப் பிரதேசத்து மக்களுக்கு இவை எதுவும் இல்லை. கவர்னரை ஜனாதிபதியே நியமித்தார். கீழ்ச்சபைக்கு ஒரே ஒரு பிரதிநிதி போகலாம். அவர் பேசலாம், மசோதா கொண்டு வரலாம். ஓட்டு மட்டும் போட முடியாது. ஆனால் வரி உண்டு!

1902 தேர்தலில் குஹியோ குடியரசுக் கட்சியின் சார்பில் நின்று வென்றார். அந்தக் கட்சியில் கரும்பு முதலாளிகளின் கை ஓங்கியிருந்தது. தெரிந்தேதான் சேர்ந்தார். வாஷிங்டனில் காரியம் நடக்க வேண்டுமானால் கட்சி பலம் வேண்டும் என்பது அவர் எண்ணம். அடுத்தடுத்துப் பத்துத் தடவை மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஓட்டு இல்லாதவர் என்ன செய்வார்? நட்பைத்தான் நம்ப வேண்டும். பாராளுமன்ற அங்கத்தினர்களைக் கப்பலில் ஹவாய்க்கு அழைத்து வந்து விருந்து வைத்தார். தீவுகளைச் சுற்றிக் காட்டினார். முத்துத் துறைமுகத்தில் கடற்படைத் தளம் அமைக்கப் பணம் வாங்கித் தந்தார்.

முதல் மசோதா

1919 பிப்ரவரியில், ஹவாயை முழு மாநிலமாக்கக் கோரும் மசோதாவைக் குஹியோ கொண்டு வந்தார். அப்படி ஒரு மசோதா வந்தது அதுவே முதல் தடவை. ஆனால் அது நிறைவேறவில்லை.

ஓட்டு இல்லாத குறை எவ்வளவு பெரியது என்பது 1921-ல் தெரிந்தது.

ஹவாயின் பூர்வீகக் குடிகள் நிலம் இழந்து, நோயால் மடிந்து, குறைந்துகொண்டே வந்தார்கள். அவர்களுக்கு நிலம் கொடுக்க ஒரு சட்டத்துக்காகக் குஹியோ போராடினார். சுமார் 2 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகை. 99 ஆண்டுக் குத்தகை.

ஆனால் கரும்பு விளையும் நல்ல நிலங்களை முதலாளிகள் விடவில்லை. ஏழைகளுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி தண்ணீர் இல்லாத வறண்ட பூமி. ரத்தத்தில் 32-ல் ஒரு பங்கு ஹவாய் ரத்தம் இருந்தாலே போதும் என்று குஹியோ கேட்டார். பாதி ரத்தம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஓட்டு உள்ளவர்கள் பேரம் பேசினார்கள். குஹியோ கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறு ஆண்டு, 1922 ஜனவரி 7-ந் தேதி, அவர் காலமானார். வயது 50தான். அரச மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

40 ஆண்டு கழித்து...

அவர் கேட்டது கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஹவாய் வெகு தூரம் என்றார்கள் சிலர். அங்கே ஜப்பானியர், சீனர், பிலிப்பைன்காரர் அதிகம் என்று தயங்கினார்கள் வேறு சிலர். ஆனால் இரண்டாவது உலக யுத்தத்தில் ஹவாயின் ஜப்பானிய வம்சத்து இளைஞர்கள் அமெரிக்காவுக்காக உயிரைக் கொடுத்துப் போராடினார்கள்.

1959 ஜூனில் மக்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. 100-க்கு 90 பேருக்கு மேல் மாநிலம் வேண்டும் என்றார்கள். ஆகஸ்ட் 21-ந் தேதி, ஹவாய் அமெரிக்காவின் 50-வது மாநிலமாயிற்று. யுத்தத்தில் வலது கையை இழந்த டேனியல் இனோயே, ஹவாய்க்காகக் கீழ்ச்சபையில் ஓட்டுப் போடும் முதல் அங்கத்தினரானார்.

எல்லோருக்கும் இதில் திருப்தி இல்லை. மாநிலமா, பிரதேசமா என்றுதான் கேட்டார்கள். தனி நாடா என்று கேட்கவில்லையே என்று பூர்வீகக் குடிகளில் பலர் இன்றும் வருந்துகிறார்கள். ராணியைக் கவிழ்த்ததில் தன் பங்குக்காக அமெரிக்கா 1993-ல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் நாட்டைத் திருப்பித் தரவில்லை.

குஹியோவுக்கும் இது தெரியாததல்ல. போன ராஜ்யம் வராது. இருக்கிற மக்களுக்காவது முழு உரிமை வேண்டும் என்று அவர் பாடுபட்டார்.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 26-ந் தேதி ஹவாயில் விடுமுறை. அன்றுதான் குஹியோவின் பிறந்த நாள்.