அருட்பாவும் அணையா அடுப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவருள் பசிக்கொடுமையை ஊரறியச் செய்தவர் இராமலிங்க அடிகளார். பசித்தவன் துயரை அவனது வினைப்பயன் என்று கருதி ஒதுங்கிய சமுதாயத்தில், அதனைத் தீர்த்தல் ஊரார் அனைவருக்கும் உரிய கடமை என்று நிறுவியதே அவர்தம் வாழ்வின் பெரும்பணியாகும்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றினார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். சென்னை ஏழுகிணறுப் பகுதியில் தமையனார் சபாபதியின் ஆதரவில் வளர்ந்து, இளமையிலேயே பாடவும் சொற்பொழிவாற்றவும் தொடங்கினார். பின்னர் நகர வாழ்வைத் துறந்து, கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் பல்லாண்டுகள் தங்கினார். தமக்கென ஓர் இல்லம் அவர் அமைத்துக்கொள்ளவில்லை.

தம் பாடல்களை அச்சேற்றவும் அவர் நெடுங்காலம் இசையவில்லை. அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார், ஏடுகள் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென உறுதி பூண்டார். அதனை அறிந்து உளம் நொந்த அடிகளார் இசைவளித்தார். புகழுக்கு இளகாத நெஞ்சம் ஓர் அன்பரின் பசிக்கு இளகிற்று. தொழுவூர் வேலாயுத முதலியார் வகுத்த திருவருட்பா 1867-இல் வெளிவந்தது.

அவ்வாண்டே மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையை அடிகளார் நிறுவினார். முந்தைய ஆண்டுதான் சென்னை மாகாணம் பஞ்சத்தால் நலிந்திருந்தது. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். சாதி பார்த்துப் பந்தியிட்ட சத்திரங்கள் பல இருந்த நாளில், வந்தவரின் குலமும் சமயமும் வினவாது அங்கே சோறிடப்பட்டது.

பாட்டில் வல்ல அவர், பசியை உணர்த்த உரைநடையையும் கையாண்டார். பசி முற்றும்போது கண்ணும் செவியும் நாவும் எவ்வாறு தளர்கின்றன என்பதை ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் மருத்துவரைப்போல் நிரல்பட எழுதினார். உடையும் உறைவிடமும் அற்றவர் மனவலியால் அத்துன்பத்தைத் தாங்கவும், முயன்று அவற்றைப் பெறவும் கூடும்; பசியை அங்ஙனம் தாங்க இயலாது என்பது அவர் துணிபு. வீடற்றவரை மறந்து கூறிய கருத்தன்று இது. உயிர் நின்றாலன்றி வீடு தேடும் முயற்சியும் இல்லை என்பதே இதன் உட்பொருள். திருமணம் முதலிய விழாக்களிலும் பசித்தோரை முதலில் நினைக்குமாறு இல்லறத்தாரை அவர் வேண்டினார்.

1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் திருமாளிகை அறையினுள் புகுந்தார். ஈராண்டு கழித்துத் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தென்னாட்டில் பல இலட்சம் உயிர்களைக் கவர்ந்தது. ஊர் விழித்திருக்க வேண்டிய தேவையை அவர் மிகைப்படுத்தவில்லை என்பதை அப்பேரழிவு மெய்ப்பித்தது.

1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் வடலூரில் அணையாது எரிகின்றது. நாள்தோறும் பசித்தோர் உண்கின்றனர். அடிகளாருடைய சொல்லின் பயனை அளக்க விழைவோர், அருட்பாவை ஓதி உருகியவர்களோடு அச்சாலையில் உண்டு எழுந்தவர்களையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.