கிருமியில்லாத நஞ்சு

ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் சங்கத்து நண்பர் சிலர், சென்ற கோடையில், காலையில் செய்து வெளியே வைத்திருந்த பால்பாயசத்தை மாலையில் நன்றாகக் கொதிக்க வைத்து உண்டார்கள். மூன்று மணி நேரத்திற்குள் அத்தனை பேருக்கும் வாந்தி! கொதித்ததில் கிருமி செத்திருக்குமே என்று என்னிடம் வாதாடினார்கள். செத்துத்தான் இருக்கும். ஸ்டபிலோகாக்கஸ் என்னும் கிருமி, சமைப்பவர் கையிலிருந்து உணவில் ஏறிச் சில மணி நேரத்தில் நஞ்சைக் கக்கிவிடும். கொதியில் கிருமி மாளும், நஞ்சு மாளாது. 1930-லேயே சிகாகோவில் டாக் என்பவர், கிருமி நீக்கிய வடிநீரை மனிதர்க்கே கொடுத்து இதைக் காட்டிவிட்டார்.

ஆனால் அதனினும் கொடிய காலராவின் நஞ்சு மட்டும் அகப்படவில்லை. அதைப் பிடித்தவர் நம் நாட்டவர், டாக்டர் சம்புநாத் டே.

1915-ஆம் ஆண்டு வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று 1949-இல் திரும்பினார். ராபர்ட் கோக் 1884-இல் அதே கல்கத்தாவில் காலராக் கிருமியைக் கண்ட நாள் முதல் பலர் அதன் நஞ்சைத் தேடினர். தேடிய இடம்தான் தவறு. நோய் குடலில் இருக்க, இரத்தத்தில் தேடி என்ன பயன்? டே ஒரு முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் கோத்து உப்பியிருந்தது. நூலும் முயலும் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை! இது 1953-இல். பிறகு கிருமிகளை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. 1959-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரையாக இது வெளிவந்தது.

அந்த நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் வசதி அவருக்கு வாய்க்கவில்லை. 1969-இல் அமெரிக்காவில் பிரித்தார்கள். 1973-இல் அவர் ஓய்வு பெற்றார். நோபெல் பரிசு பெற்ற லெடர்பர்க் அவர் பெயரை அப்பரிசுக்கே பரிந்துரைத்தார்; 1978-இல் நோபெல் நிறுவனம் தன் கருத்தரங்கிற்கு அழைத்தது. நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்களில் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

1985-இல் டே காலமானார். ஐந்தாண்டு கழித்து, நம் பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' அவருக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது.