டாப்ளரின் சிவப்பும் பச்சையும்

ஜூஜுவாடி எல்லைச் சாவடியருகே நெடுஞ்சாலையோரம் சிறிது நேரம் நின்றால் போதும். அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வரும் லாரி ஹாரனை விடாமல் ஒலித்தபடி நெருங்குகையில் ஓசை கூர்மையாக இருக்கும். நம்மைக் கடந்ததும் சட்டென்று தாழ்ந்துவிடும். ஓட்டுநர் எதையும் மாற்றுவதில்லை. இந்தத் தாழ்வுக்குக் கணக்கு எழுதியவர், ஒரு காலத்தில் பஞ்சாலையொன்றில் கணக்கராக இருந்தவர். ஆலைகள் நிறைந்த ஊரில் வசிப்பதாலோ என்னவோ, அதை அறிந்த நாள்முதல் கிறிஸ்டியான் டாப்ளர் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு.

இன்றைய ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் 1803 நவம்பர் 29 அன்று கல்தச்சர் குடும்பத்தில் பிறந்தார். உளி பிடிக்க உடல் இடங்கொடுக்காததால் படிக்க அனுப்பினார்கள். வியன்னாவில் கணிதம் கற்றும் நிலையான வேலை கிட்டவில்லை. பஞ்சாலையில் கணக்கெழுதிச் சலித்து, உடைமைகளை விற்று அமெரிக்காவுக்குக் குடிபெயரத் துணிந்த நேரத்தில்தான் பிராகாவிலிருந்து ஆசிரியப் பணிக்கு அழைப்பு வந்தது. அப்போது முப்பது வயதைக் கடந்திருந்தார்.

1842 மே 25 அன்று அந்நகரின் அறிவியல் கழகத்தில், மிகச் சிலர் முன்னிலையில் தம் கட்டுரையை வாசித்தார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அலைகள் நெருங்கும். விலகிச் சென்றால் அகலும். இது சரி. ஆனால் இரட்டை விண்மீன்களின் நிறங்களுக்கும் இதுவே காரணம் என்றார். அது தவறு, விண்மீனின் நிறத்தைப் பெரும்பாலும் அதன் வெப்பமே தீர்மானிக்கிறது.

1845-இல் ஹாலந்தின் பைஸ் பாலட், ரயிலில் ஊதுகொம்புக் கலைஞர்களை ஏற்றி ஊதச் செய்து, இருப்புப் பாதையோரம் இசை தெரிந்தவர்களை நிறுத்திச் சோதித்தார். ஒலியில் டாப்ளரின் விதி மெய்ப்பட்டது. விண்மீன் நிறக் கூற்றை மட்டும் அவர் ஏற்கவில்லை. இதைவிட நேர்மையான தீர்ப்பு டாப்ளருக்குப் பிறகு வாய்க்கவில்லை. 1850-இல் வியன்னாவின் இயற்பியல் கழகத்துக்கு முதல் இயக்குநரானார். இரண்டே ஆண்டுகளில் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் அவரது விதியையே கடுமையாகத் தாக்கினார். அதற்குள் நுரையீரல் நோய் முற்றியிருந்தது. நலம் நாடி வெனிஸ் சென்றவர் 1853 மார்ச் 17 அன்று, 49 வயதில் அங்கேயே மறைந்தார்.

ராடார் பிறந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தைக் கொண்டு, துளிகள் ராடாரை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா என்று கணிக்க டாப்ளரின் விதியே உதவியது. சுழலும் புயலில் ஒரு விளிம்பு நெருங்கும், மறு விளிம்பு விலகும். திரையில் பச்சையும் சிவப்பும் ஒட்டி நிற்கும். 1973 மே 24 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் யூனியன் சிட்டியைத் தாக்கிய டார்னடோ, மண்ணைத் தொடுமுன்பே மேகத்துக்குள் சுழன்றது இப்படித்தான் பதிவாயிற்று. நிறத்தில் தவறிய மனிதரின் விதி கடைசியில் நிறமாகவே காட்டப்படுகிறது. அந்நிறங்கள் நாமே இட்டவை என்பது வேறு விஷயம்.

டார்னடோ நமக்கு அந்நியமன்று. 1978-இல் டெல்லியில் 28 பேரைப் பலிகொண்டது. அதுவும் ஒரு மார்ச் 17. 2024 மார்ச் 31-இல் வங்கத்தின் ஜல்பைகுரி சிதைந்தது. நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ராடார் 2002-இல் சென்னைத் துறைமுகத்தில் நிறுவப்பட்டது; நோக்கம் வங்கக்கடல் புயல்கள்.

ஓசூர்ப் பகுதியில் கோடை ஆலங்கட்டி மழையோடு வரும் காற்று, ரோஜா பயிரிடும் பசுமைக்குடில்களின் கூரையைக் கிழித்தெறிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவை டார்னடோ அல்ல. ஆனால் அரை மணி முன்னே தெரிந்தால் குடிலுக்குள் வேலை செய்யும் பெண்களாவது வெளியேறலாம். சென்னை ராடார் எங்களுக்கு நேர்க்கோட்டில் 250 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பூமியின் வளைவால் அதன் கதிர் எங்கள் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகிறது. அதற்குக் கீழே எது சுழன்றாலும் அந்தத் திரையில் பச்சையும் இராது, சிவப்பும் இராது.