நல்லூரின் கடைசி இளவரசன்

கொடிகாமத்திலிருந்து சாவகச்சேரி, நாவற்குழி வழியாக நல்லூர் செல்வோர், பழைய இராசதானியின் நினைவாகச் சங்கிலியன் தோப்பையும் யமுனா ஏரியையும் காண்பர். அந்த இராசதானியின் அரியணைக்கு உரியவனாய்ப் பிறந்த ஒரு பாலகனை நம்மில் பலர் அறியார்.

1591இல் போர்த்துக்கேயர் முடிசூட்டிய எதிர்மன்னசிங்க மன்னர் 1617இல் இறந்தபோது, பட்டத்துக்குரிய மகன் சிறு குழந்தை. அவனுக்காக ஆளவேண்டிய அரசகேசரியைக் கொன்று, சங்கிலி குமாரன் ஆட்சியைப் பற்றினான். 1619இல் பிலிப் தெ ஒலிவேறா படையுடன் வந்து இராச்சியத்தைக் கைப்பற்றினான். சங்கிலி கோவாவில் மரண தண்டனை பெற்றான்.

பாலகனோ பிரான்சிஸ்கன் குருக்களின் பராமரிப்பில் விடப்பட்டான். ஞானஸ்நானத்தில் அவனுக்கு இடப்பட்ட பெயர் கொன்ஸ்தந்தீனு. அது உரோமைச் சக்கரவர்த்தி ஒருவரின் பெயர். அப்போது இலங்கையில் போர்த்துக்கேயத் தளபதியாயிருந்தவரின் பெயரும் அதுவே. முடி சூடவேண்டியவன் கோவாவில் பிரான்சிஸ்கன் சபையின் துறவியானான்.

துறவிக்கு வாரிசு இல்லை. அந்நிய அரசுக்கு அது வசதியாயிற்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் உள்ளத்தில் ஆண்டவர் பேசினாரா என்பதை ஆண்டவரே அறிவார். பெற்றோரே, தேவ அழைத்தல் மனிதர் திணிப்பதன்று. பிள்ளையைக் குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ அனுப்புமுன், முதலில் அதன் மனத்தைக் கேளுங்கள்.