பத்தணா தைலம் விற்றுப் பத்திரிகை நடத்தியவர்

நாகர்கோவிலில் இருந்து தடிக்காரன்கோணம் வழியாகப் போனால் கீரிப்பாறை வரும். மலையும் காடும் ரப்பர்த் தோட்டமும் சூழ்ந்த ஊர். இருட்டு விலகும் முன்னே பால்வெட்டுத் தொழிலாளர்கள் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். மழையும் பனியும் உள்ள இடம். தலைவலி, நீர்க்கோவை என்றால் உடனே டாக்டரைத் தேடி ஓட முடியாது. வீட்டில் ஒரு சின்னப் புட்டித் தைலம் இருக்கும். அதை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

அப்படித் தேய்க்கும் தைலங்களில் ஒன்றின் பெயர் அமிர்தாஞ்சனம். தமிழ்நாட்டில் இந்தப் பெயரைக் கேட்காதவர் இல்லை. அதைச் செய்தவர் யார் என்று கேட்டால் மட்டும் பலர் விழிப்பார்கள்.

அவர் பெயர் காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு. தைலம் விற்றுச் செல்வர் ஆனவர். அந்தச் செல்வத்தைப் பத்திரிகையிலும் நாட்டு விடுதலையிலும் கொட்டியவர்.

மாத்திரை மன்னர்

அவர் கதைக்குப் போகும் முன் அந்தக் காலத்து வியாபாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அப்போது விக்டோரியா மகாராணி ஆட்சி. இங்கிலாந்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் இரண்டு சரக்குகளின் விளம்பரம் கண்ணைப் பறிக்கும். ஒன்று கடிகாரம். இன்னொன்று சகல நோய்க்கும் மருந்து!

மருந்து விளம்பரத்தில் எல்லோரையும் மிஞ்சியவர் தாமஸ் ஹாலோவே. 1800-ல் பிறந்தவர். தகப்பனார் ரொட்டிக் கடைக்காரர். 1837-ல் ஹாலோவே ஒரு களிம்பு செய்து விற்றார். முதலில் அதைக் காய்ச்சியது தாயாரின் சமையல் பாத்திரத்தில்! பிறகு மாத்திரையும் செய்தார். கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் விளம்பரத்தை விடவில்லை. 1842-ல் விளம்பரத்துக்கு மட்டும் 5,000 பவுன் செலவிட்டார். சாகும் காலத்தில் அது ஆண்டுக்கு 50,000 பவுன்.

அந்த மாத்திரையில் இருந்த முக்கியச் சரக்கு என்ன தெரியுமா? கரியபோளம். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதே கரியபோளம்தான்! வயிற்றைக் கழுவும். வேறு பெரிய அற்புதம் ஒன்றும் செய்யாது. ஆனால் விளம்பரம் எல்லா நோயையும் தீர்க்கும் என்றது. அந்த மாத்திரை கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஹாலோவே சேர்த்த பணத்தில் பெண்களுக்கு ஒரு பெரிய கல்லூரி எழுந்தது. அவர் 1883-ல் இறந்தார். 1886-ல் விக்டோரியா மகாராணியே வந்து அந்தக் கல்லூரியைத் திறந்து வைத்தார்.

தபாலில் வந்த கடை

இந்தியாவிலும் அந்தச் சரக்குகளுக்குக் கிராக்கி ஏறியது. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு சன்ஸ் கடிகாரக் கடை பெரிய மனிதர்களை இழுத்தது. சுவிஸ் நாட்டுக்காரர்களின் வெஸ்ட் எண்டு கடிகாரக் கம்பெனி 1886-ல் பம்பாயில் தொடங்கியது.

1877-ல் வி.பி.பி. என்ற தபால் முறை வந்தது. கடைக்காரர் பார்சலை அனுப்புவார். தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். இதனால் பட்டணத்துக்குப் போகாமலே சட்டைப்பைக் கடிகாரமும் மருந்தும் வாங்க முடிந்தது. கீரிப்பாறைப் பக்கம் அன்று திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே அஞ்சல் என்ற தனித் தபாலே ஓடியது. பக்கத்து அசம்பு மலையில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டிருந்தார்கள்.

இந்த வியாபாரத்தின் லாபத்தில் பெரும்பங்கு கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. அந்த வித்தையை ஒரு இந்திய இளைஞன் கற்றுக்கொண்டால்?

பட்டதாரி மருந்துக்கடைக்குப் போகிறார்

நாகேஸ்வரராவ் 1867-ல் கிருஷ்ணா ஜில்லாவில் ஒரு கிராமத்தில் பிறந்தார். மசூலிப்பட்டினத்தில் படித்தார். பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்த நாளில் பட்டம் வாங்கியவருக்குச் சர்க்கார் உத்தியோகம் காத்திருக்கும். நாற்காலி, சம்பளம், கடைசியில் பென்ஷன். உறவினர் மெச்ச இது போதாதா?

அவருக்கு அதில் மனம் செல்லவில்லை. வியாபாரம் செய்ய வேண்டும் என்றார்! சென்னையில் முயன்றார். பிறகு கல்கத்தாவுக்குப் போய் மருந்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். அங்கிருந்து பம்பாய்க்குப் போனார்.

சென்னைவாசி பம்பாயில் இறங்கியதும் முதல் வேலை கடிகாரத்தைத் திருத்துவதுதான். சென்னை நேரம் வேறு, பம்பாய் நேரம் வேறு. சென்னையில் மணி பத்து என்றால் பம்பாயில் ஒன்பதரை! நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பது 1906-ல்தான் வந்தது. அப்போதும் பம்பாய்க்காரர்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

பம்பாயில் வில்லியம் கம்பெனி என்று ஒரு மருந்துக் கம்பெனி. முதலாளி வெள்ளைக்காரர். அங்கே நாகேஸ்வரராவ் வேலைக்கு அமர்ந்தார். உழைத்தார். படிப்படியாக உயர்ந்து, கடைசியில் அந்தக் கம்பெனிக்கே சொந்தக்காரர் ஆனார்.

1893-ல் தம் சொந்தத் தைலத்தை வெளியிட்டார். அமிர்தம், அஞ்சனம் இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார். எந்த மொழிக்காரர் வாயிலும் நுழையும் பெயர்.

இந்த மாதிரித் தைலங்களில் கற்பூரம், புதினா உப்பு, யூகலிப்டஸ் எண்ணெய் முதலியவை சேரும். தேய்த்ததும் தோல் குளிரும், பிறகு சுடும். அந்த உணர்ச்சியில் வலி மறக்கும். நோயின் வேரை அது பிடுங்காது. ஆனால் தேய்த்த ஐந்தாவது நிமிஷத்தில் ஏதோ செய்கிறது என்று தெரியும். மாத்திரை மன்னரின் சரக்குக்கு இந்த யோக்கியதை இல்லை!

விலை பத்தணா. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலம். கூலிக்காரருக்குப் பத்தணா என்றால் பல நாள் கூலி. முன்பின் தெரியாத புட்டிக்கு யார் அவ்வளவு கொடுப்பார்கள்?

நாகேஸ்வரராவ் ஒரு யுக்தி செய்தார். சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார்! சபையில் உட்கார்ந்தே தடவிப் பார்த்தார்கள். மணம் ஆளை விட்டுப் போகவில்லை. மறுநாள் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அரிசி வியாபாரி கூட ஒரு பிடி அரிசியைக் கையில் கொடுத்து மென்று பார்க்கச் சொல்வான் அல்லவா? அதே வித்தைதான்.

பணம் எங்கே போயிற்று?

பணம் குவிந்தது. மாளிகை கட்டி, சாரட்டு ஓட்டிக் காலத்தைக் கழித்திருக்கலாம்.

1907-ல் சூரத் நகரில் காங்கிரஸ் கூடியது. மிதவாதிகளும் தீவிரவாதிகளும் மோதிக்கொண்டு பிரிந்த மகாநாடு அது. நாட்டில் நடப்பது தம் தெலுங்கு மக்களுக்குத் தெரிய நல்ல பத்திரிகை வேண்டும் என்ற எண்ணம் நாகேஸ்வரராவுக்கு உறுதியாயிற்று. 1908-ல் ஆந்திர பத்திரிகை என்ற வார ஏட்டைத் தொடங்கினார். அதுவும் எங்கே? தெலுங்கு நாட்டில் இல்லை, பம்பாயில்!

1914-ல் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து தினசரி ஆக்கினார். அன்று சென்னைதான் தெலுங்கு ஜில்லாக்களுக்கும் தலைநகரம். சில மாதங்களில் முதல் உலக யுத்தம் மூண்டது. எல்லோரும் செய்திக்கு அலைந்தார்கள்.

பத்திரிகை நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுவது போல. காகிதம், மை, அச்சு, ஆட்கள், தந்திச் செலவு. விற்ற காசு அடுத்த நாளைக்கே போதாது. அந்த யானைக்குத் தீனி தைலப் புட்டியில் இருந்து வந்தது.

1924-ல் பாரதி என்ற இலக்கிய மாத ஏடும் தொடங்கினார். 1926-ல் ஆந்திர கிரந்தமாலா என்று நூல் வெளியீடு. பழைய காவியங்களும் புதிய நூல்களும் அதில் அச்சேறின. வாசகசாலைகளுக்கு உதவினார். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். மக்கள் அவரைத் தேசோத்தாரகர் என்று அழைத்தார்கள்.

காந்தியடிகளின் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறைக்கும் போனார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. லட்சக்கணக்கில் வியாபாரம் உள்ளவர். அரசாங்கத்துக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு நிம்மதியாகக் கடையைப் பார்த்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? சிறையில் உட்கார்ந்து பகவத் கீதைக்கு விளக்கம் எழுதினார்.

கடைசி ஆண்டுகள்

1936-ல் தைல வியாபாரம் பங்குதாரர்கள் சேர்ந்த லிமிடெட் கம்பெனி ஆயிற்று. மயிலாப்பூரில் அவர் வீட்டுக்கு ஸ்ரீபாக் என்று பெயர். 1937 நவம்பர் 16-ந் தேதி அந்த வீட்டில் கடற்கரை ஜில்லாத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் கூடினார்கள். தனி ஆந்திர ராஜ்யம் வந்தால் இரு பக்கத்துக்கும் என்ன பங்கு என்று ஒப்பந்தம் செய்தார்கள். ஸ்ரீபாக் ஒப்பந்தம் என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர்.

ராஜ்யம் 1953-ல் வந்தது. அதைக் காண அவர் இல்லை. ஒப்பந்தம் ஆகி ஐந்து மாதங்களுக்குள், 1938 ஏப்ரல் 11-ல், இறந்துபோனார். மருமகன் சிவலெங்க சம்புபிரசாத் பத்திரிகையையும் தைலத்தையும் ஏற்று நடத்தினார்.

மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது. காலையில் வயதானவர்கள் கூட்டமாக நடக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டிலும் அந்தப் புட்டி இருக்கும்.

ஆந்திர பத்திரிகை 1991-ல் நின்றுபோயிற்று. அதற்குத் தீனி போட்ட தைலம் மட்டும் இன்றும் கடைக்கு வருகிறது.